நோயாளியைக் கேட்க வேண்டிய வினா

ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டிருக்கிறதென்று மருத்துவர் கூறிவிட்டால், அன்றுமுதல் அவ்வீட்டில் எழும் பேச்சு இருவகைப்படும். எந்த ஆஸ்பத்திரிக்குச் செல்வது, எவ்வளவு பொருள் வேண்டும், எத்தனை நாள் தங்கவேண்டும் என்பன உரக்கப் பேசப்படும். இது யார் செய்த தீவினையின் பயன் என்பதோ தாழ்ந்த குரலில், அடுக்களையிலும் திண்ணையிலும் பேசப்படும். உற்றாருள் சிலர் விதி என்பர். சிலர் முன்வினை என்பர். கிறிஸ்தவக் குடும்பங்களிலும், இது கடவுள் விதித்த தண்டனையோ என்று ஐயுறுவார் இலர் என்று நாம் சொல்வதற்கில்லை. இவ்வெண்ணத்தால் விளையும் கேடு சிறிதன்று. நோயுற்றார் நாணுகின்றனர், வீட்டார் மறைக்கின்றனர், வாயில் தோன்றிய சிறு புண்ணையும், மார்பில் தோன்றிய சிறு கட்டியையும் எவர்க்கும் காட்டாது மாதங்களைக் கழிக்கின்றனர். காலத்தே காட்டியிருப்பின் தீர்ந்திருக்கக் கூடிய நோய் தீராநோயாகி விடுகிறது.

பிறவிக்குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், அவனது பிணி யாருடைய பாவத்தின் பயனென்று தங்கள் குருவை வினவினர் என்று யோவான் எழுதிய சுவிசேஷம் கூறும். இயேசுபெருமான் அவ்வினாவிற் கண்ட இருவகை விடைகளையும் மறுத்து, அம்மனிதனுக்குக் கண்ணளிக்கும் செயலில் இறங்கினார். யாருடைய பாவம் என்று கேட்பவன் நோயாளிக்கு உதவி ஒன்றும் செய்வதில்லை என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் வரலாறு வேறில்லை. எனினும் நோய்க்குக் காரணமே இல்லையென்பது அதன் பொருளன்று. காரணம் உண்டு, அதனைத் தேடவும் வேண்டும். எவ்விடத்தில் தேடுவது, யாரை வினவுவது என்பனவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தவை.

இத்தாலிய நாட்டில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்னும் மருத்துவர் ஒருவர் இருந்தார். தொழிலாளர்க்கு வரும் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1700-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கிரேக்கப் பேரறிஞராகிய ஹிப்பாக்ரட்டிஸ் காலமுதல், நோயாளியின் அருகில் அமரும் மருத்துவர் கேட்கவேண்டிய வினாக்கள் சில வகுக்கப்பட்டிருந்தன. எவ்விடத்தில் நோகிறது, எத்தனை நாளாக நோகிறது, என்ன உண்டாய் என்பன போன்றவை அவை. அவற்றோடு இன்னுமொரு வினாவைச் சேர்த்துக்கொள்ளவேண்டுமென ராமஸ்ஸினி வற்புறுத்தினார். நீ என்ன தொழில் செய்கிறாய் என்பதே அவ்வினா. கேட்பதற்கு எளிது, ஆயினும், புற்றுநோயின் காரணங்களைப் பற்றி உலகம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி இவ்வொரு வினாவிலிருந்தே கிளைத்ததென்றால் அது மிகையாகாது.

அது நிற்க. இந்நோயின் இயல்பு யாதென்பதைச் சிறிது அறிந்துகொள்வோம். புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. ஒருதன்மைத்தாகிய பல நோய்களுக்கு அது பொதுப்பெயர். நம் உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. ஓர் உயிரணு எப்பொழுது இரண்டாகப் பிரியவேண்டும், எப்பொழுது நிற்கவேண்டும், எப்பொழுது மடியவேண்டும் என்னும் கட்டளைகள் அதனுள்ளேயே மரபணுக்களாக எழுதப்பட்டிருக்கின்றன. உயிரணு பிரியுந்தோறும் அவ்வேடு முழுவதும் படியெடுக்கப்படுகிறது. பழஞ்சுவடிகளைப் படியெடுத்தோரும் எழுத்துப்பிழை செய்தனர் அன்றோ? அவ்வாறே இங்கும் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலானவற்றை உடலே திருத்திக்கொள்கிறது. திருத்தப்படாத பிழைகள் ஒன்றன்மேலொன்றாகச் சேர்ந்து, நில் என்னும் கட்டளையே அழிந்துபோகுமாயின், அவ்வுயிரணு அடக்கமின்றிப் பெருகும். அப்பெருக்கமே புற்று.

இப்பிழைகள் மூன்று வழிகளிற் புகும். படியெடுக்கும்போது தற்செயலாய் நேர்வது ஒன்று. பெற்றோரிடமிருந்து வருவது மற்றொன்று. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துவரையான புற்றுநோய்களே இவ்வாறு குடிவழி வருவன என்று கணக்கிட்டுள்ளனர். மூன்றாவது, புகை, தூசு, கதிர், நஞ்சு, கிருமி முதலிய புறப்பொருள்களால் விளைவது. இம்மூன்றும் ஒருவர் உடலிலேயே கலந்து நிற்றலும் உண்டு. ஒரு பிழையால் நோய் வருவதில்லை. பல பிழைகள் சேரவேண்டும். அவை சேர்வதற்குப் பல ஆண்டுகள், பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுகள், செல்லும். ஆதலின், நஞ்சுண்டவன் அன்றே வீழ்வதுபோல் இதன் காரணம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இன்று நீ என்ன செய்கிறாய் என்பதோடு, இளமையில் என்ன செய்தாய், எங்கு வாழ்ந்தாய் என்றும் கேட்டாலன்றி உண்மை வெளிப்படாது.

இவ்வாறு கேட்டறிந்தவருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் லண்டன் நகரத்து அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். அந்நகரில் வீடுதோறும் நிலக்கரி எரித்துக் குளிர்காய்ந்தனர். புகைபோக்கிகளோ மிகக் குறுகியவை. வளர்ந்த ஆள் நுழைய இயலாதவை. எனவே ஏழைச் சிறுவர்களைப் பிடித்து, அவற்றுள் ஏற்றிக் கரியைச் சுரண்டச் செய்தனர். சூடு ஆறாத புகைபோக்கிகளில் தோலுரிய ஏறியிறங்கிய அச்சிறுவர்கள், வேண்டுமளவு நீராடவும் வழியின்றிக் கரிபடிந்த உடலோடு உறங்கினர். அவர்கள் வளர்ந்து ஆளானபின், அவர்களுள் பலருக்கு விதைப்பையின் தோலில் ஒருவகைப் புண் தோன்றியது. தொழிலாளர் அதனைக் கரிமரு என்றழைத்தனர். மருத்துவர் சிலர் அதனை ஒழுக்கக்கேட்டால் வந்த நோயென்றே கருதினர். அஃது ஒழுக்கக்கேட்டால் வந்ததன்று, தோலின் மடிப்புகளிற் படிந்த புகைக்கரியால் வந்த புற்று என்று பாட் 1775-ஆம் ஆண்டில் எழுதினார். அச்சிறுவர்களின் நிலையைக் குறித்து அவர் இரங்கியும் எழுதினார்.

காரணம் தெரிந்துவிட்டது, கொடுமையும் அன்றே ஒழிந்திருக்கும் என்று எண்ணுவீர்கள். 1788-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது; எட்டு வயதுக்குட்பட்டவரைப் புகைபோக்கியில் ஏற்றலாகாது என்றது. அச்சட்டத்தை மதிப்பாரில்லை. 1834-லும் 1840-லும் 1864-லும் மேலும் மேலும் சட்டங்கள் பிறந்தன. அவற்றையும் வீட்டுக்காரர் பொருட்படுத்தவில்லை. 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே சிறுவர் ஏற்றப்படுவது ஒழிந்தது. அறிந்ததற்கும் செய்ததற்கும் இடையில் முழுமையாக நூறாண்டுகள்! அந்நூறாண்டுகளில் அக்கூட்டினுள் ஏறிய ஒவ்வொரு சிறுவனும், அறிந்தோர் வாளாவிருந்தமையால் ஏறியவனே ஆவான். இன்னுமொன்று. 1892-ஆம் ஆண்டில் ஹென்றி பட்லின் என்னும் மருத்துவர், ஐரோப்பாவின் பிற நாடுகளிற் புகைபோக்கி துடைப்போர்க்கு இந்நோய் அரிதாக இருப்பதன் காரணத்தை ஆராய்ந்தார். உடல்முழுதும் மூடிய இறுகிய உடையும், நாள்தோறும் உடல் கழுவுதலுமே அவர்களைக் காத்தன என்று கண்டார். ஓர் உடையும் ஒரு தொட்டி நீருமே அவ்வளவு உயிர்களின் விலை.

புகைக்கரியில் உள்ள நஞ்சு யாதென்பதை அறிவதற்கு இன்னும் காலம் சென்றது. டோக்கியோ நகரில் யாமகிவா, இச்சிக்காவா என்னும் இருவர், நிலக்கரியிலிருந்து கிடைக்கும் தாரை முயல்களின் காதுகளில் மாதக்கணக்கில் இடைவிடாது பூசிவந்தனர். அவர்களுக்கு முன் முயன்றோர் விரைவிற் சலித்து விட்டுவிட்டனர், இவர்கள் விடவில்லை. 1915-ஆம் ஆண்டில் அம்முயல்களின் காதுகளிற் புற்று தோன்றியதை உலகிற்கு அறிவித்தனர். பின்னர் லண்டனில் கென்னவே என்பாரும் அவருடன் உழைத்தோரும் இரண்டு டன் தார்க்கீலைப் பகுத்துப் பகுத்து, அதனினின்று பென்சோபைரீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து 1933-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நிலக்கரித் தாரில் உள்ள அதே பொருள் புகையிலைப் புகையிலும் உண்டு. அப்பொருள், புற்றைத் தடுத்து நிறுத்தும் மரபணு ஒன்றில் எவ்வெவ்விடங்களைத் தாக்குகிறதோ, அவ்வவ்விடங்களிலேயே நுரையீரற் புற்றுடையார் பலரின் மரபணு பிழைபட்டிருக்கிறது என்று 1996-ஆம் ஆண்டில் அறிஞர் கண்டனர். பாட் என்பாரின் கூர்த்த நோக்குக்கு இருநூறாண்டுகள் கழித்து இவ்வாறு முத்திரை கிடைத்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நம் நாட்டில் இவ்வினாவைக் கேட்டவர்களுள் மிஷன் மருத்துவர்கள் சிறந்த இடம் பெறுகின்றனர் என்பது நம்போன்ற கல்லூரியில் பயில்வோர் அறிந்திருக்கவேண்டிய செய்தி. காஷ்மீரத்து மக்கள் குளிர்காலத்தில், பிரம்பால் வேய்ந்த கூட்டினுள் மண்சட்டியை வைத்து, அதில் கனன்ற கரியையிட்டு, நீண்ட அங்கியினுள் வயிற்றோடு அணைத்துக்கொள்வர். காங்கிரி என்பது அதன் பெயர். அவர்களுக்கு வயிற்றின் தோலிலும் தொடைகளிலும் புற்று உண்டாவதை எல்ம்ஸ்லி என்னும் மிஷன் மருத்துவர் 1866-ஆம் ஆண்டிலேயே எழுதினார். பின்னர் ஸ்ரீநகர் மிஷன் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் தொண்டாற்றிய எர்னெஸ்ட் நெவே என்பார் அதனை மேலும் விரிவாக ஆராய்ந்தார். பிற நாட்டார்க்குப் பெரும்பாலும் வாராத இடத்தில் இவர்களுக்கு மட்டும் புற்று வருவானேன் என்று கேட்டனர், காங்கிரியே விடையாயிற்று.

தெற்கே, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்ததுமான நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்குப் பணிசெய்த பென்டால் என்னும் மருத்துவர், தாம் கண்ட 1700 புற்றுநோயாளரைப் பற்றிய குறிப்பை 1908-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். இங்கிலாந்தில் அத்துணை மிகுதியாகக் காணப்படாத வாய்ப்புற்று இங்கே மலிந்து கிடந்தது. அவ்வூரிலிருந்தே ஆர் என்னும் மருத்துவர் 1933-ஆம் ஆண்டில், வெற்றிலை மெல்லுவோர்க்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். வெற்றிலையோடு சேரும் புகையிலையின் மேல் அவர் கருத்துச் சென்றது. ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில், நாள்தோறும் அறுவை செய்து கைசலித்த மருத்துவர்கள், அறுத்துத் தைத்ததோடு நில்லாமல், நீ வாயில் என்ன அடக்குகிறாய், எந்தக் கதுப்பில் அடக்குகிறாய் என்று கேட்டும் எழுதியும் வைத்தனர். அக்குறிப்புகள் அறுவையைக் காட்டிலும் பெரிய தொண்டு என்பது நம் கருத்து. ஓர் அறுவை ஒருவரைக் காக்கும். காரணத்தை அறிவித்தல் பிறக்கப்போகும் பிள்ளைகளையும் காக்கும்.

தாம்பூலம் நம் முன்னோர் வழக்கு, அதனைக் குறை கூறலாமோ என்று கேட்பார் உளர். தாம்பூலம் பழமையுடையதே, விருந்தோம்பலுக்கும் மணவினைக்கும் அஃது அடையாளமாய் நிற்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் புகையிலை நம் முன்னோர் அறிந்த பொருளன்று. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னரே இந்நாட்டிற் புகுந்தது. பாக்கு ஒன்றே போதும், புகையிலையின்றியும் கேடு விளையும் என்பதையும், லையான்ஸ் நகரில் உள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் நூலில் உறுதி செய்திருக்கிறது. தாம்பூலத் தட்டை வணங்கி எடுத்து வைத்துவிடலாம். அதனை நாள் முழுதும் வாயில் அடக்கிவைத்தல் எம்முன்னோர் மரபுக்கும் நாம் செலுத்தும் மரியாதை ஆகாது.

ஈண்டு ஒரு தடை எழும். புகைக்கரி சிறுவர்மேல் பிறரால் சுமத்தப்பட்டது. புகையிலையோ தானே தேடிக்கொள்வது. தானே தேடிக்கொண்டவனுக்கு இரங்குவானேன் என்பர். 1950-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவசாலைகளில் நுரையீரற் புற்றுடையார் 709 பேரை டால், ஹில் என்னும் இருவர் வினவினர். தொடங்கும்போது டால் என்பார் ஐயுற்றது சாலைகளிற் பரப்பிய தாரையும் மோட்டார் வண்டிப் புகையையுமே. விடை வந்ததோ சிகரெட்டின்மேல். அவரும் சிகரெட்டைக் கைவிட்டார். அதன்பின் அவ்விருவரும் இங்கிலாந்தின் மருத்துவர்களையே எழுதிக் கேட்டு, ஏறத்தாழ 40,000 பேரைப் பின்தொடர்ந்தனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து 2004-ஆம் ஆண்டில் வெளியான முடிவு, புகைபிடித்தலை விடாதார் ஏறக்குறையப் பத்தாண்டு ஆயுளை இழக்கின்றனர் என்பதும், முப்பது வயதில் விட்டவர் அவ்விழப்பைப் பெரும்பாலும் மீட்கின்றனர், ஐம்பதில் விட்டவரும் ஆறாண்டை மீட்கின்றனர் என்பதுமாம். விடுதற்கு வயதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

ஆயினும் இதனைக் கொண்டு நோயாளியைப் பழித்தல் தகாது. புகையிலையை வாயில் அடக்கும் தோட்டத் தொழிலாளியைக் கேட்டுப்பாருங்கள். பசி தெரியாதிருக்க என்பான், களைப்புத் தெரியாதிருக்க என்பான். பதின்மூன்று வயதில் நண்பர் கொடுத்ததை வாங்கியவன், அறிந்து தேர்ந்தவன் ஆவனோ? அவனை நோக்கி ஒரு வினாடியில் விரலை நீட்டும் நாம், அதனை விளைவித்து, மணமூட்டி, பளபளக்கும் சிறு பொட்டலங்களில் அடைத்து, பள்ளிச்சிறுவர் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிடுவோரை நோக்கி அவ்விரலை நீட்டுவதில்லை. பழக்கம் என்னும் சொல், விதி என்னும் சொல்லைப்போலவே, மேலும் கேளாதிருத்தற்கு ஒரு வசதியாகி விட்டது.

தாமே தேடிக்கொள்ளாதாரும் பலர் உளர் என்பதை மறவற்க. தென்னாப்பிரிக்காவில் வடமேற்குக் கேப் பகுதியில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் வெட்டியெடுத்தனர். நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் அரியதொரு புற்று அங்கே 33 பேர்க்கு வந்திருப்பதை வாக்னர் என்பாரும் உடனாய்ந்தோரும் 1960-ஆம் ஆண்டில் எழுதினர். அவருட் பலர் சுரங்கத்தில் கால்வைத்தவரல்லர். சுரங்கங்களுக்கு அருகில் பிள்ளைப்பருவத்தில் வாழ்ந்தவர். லண்டனில் 1965-ஆம் ஆண்டில், கல்நார்த் தொழிலாளரின் தூசுபடிந்த உடையைத் துவைத்த பெண்டிருக்கும் அந்நோய் வந்தமை தெரியவந்தது. கணவன் உடையைத் துவைத்தது எந்தப் பழக்கத்தில் சேரும்? எந்தப் பாவத்தில் சேரும்? கல்நார்த் தூசால் நுரையீரற் புற்று வருகிறதென்று 1955-ஆம் ஆண்டிலேயே டால் நிறுவியிருந்தார். இங்கிலாந்து அதனை முற்றிலும் விலக்கியது 1999-ஆம் ஆண்டில். நம் நாட்டிலோ கல்நார்க் கூரைத்தகடுகள் இன்னும் விற்பனையாகின்றன. முழுமையாய் இருக்கும் தகட்டைவிட, அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசே மிகக் கொடியது. வாயை மூடாமல் அத்தகட்டை அறுக்கும் கூலியாளர்க்கு அதனைச் சொல்வாரும் அரியர்.

துயரச் செய்திகளையே கூறிக்கொண்டு போகாமல், நல்ல செய்தி ஒன்றும் கூறுவோம். சீன நாட்டில் யுன்னான் மாகாணத்தில் ஷுவான்வெய் என்னும் மாவட்டம் உண்டு. அங்குள்ள பெண்டிர் புகைபிடிப்பதில்லை. ஆயினும் அவர்களுக்கு நுரையீரற் புற்று மிகுதியாக வந்தது. ஆராய்ந்தோர் அவர்கள் வீடுகளைச் சென்று பார்த்தனர். புகைமிக்க நிலக்கரியை, வீட்டின் நடுவில், புகைபோக்கியில்லாத குழியடுப்பில் எரித்து அவர்கள் சமைத்து வந்தனர். புகைபோக்கியோடு கூடிய அடுப்புகள் வீடுதோறும் அமைக்கப்பட்டன. அவ்வடுப்புக்கு மாறியவரிடையே நுரையீரற் புற்று நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குறைந்ததென்று 2002-ஆம் ஆண்டில் ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது. லண்டனில் சிறுவரைக் கொன்ற புகைபோக்கி, ஷுவான்வெய்யில் பெண்டிரைக் காத்தது. புகைபோக்கியின்மேல் பழியுமில்லை, புகழுமில்லை. யாரை மனத்திற்கொண்டு அதனைக் கட்டினர் என்பதிலேயே வேறுபாடு.

இவ்வளவும் கேட்டபின், எதைத் தொட்டாலும் புற்று, எதை உண்டாலும் புற்று, இனி நாம் செய்யக்கூடியது யாது என்று சலித்துக்கொள்வார் சிலர். 2015-ஆம் ஆண்டில், பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலையிருக்கும் அதே வகுப்பில் லையான்ஸ் நிலையத்தார் சேர்த்தபோது, இரண்டும் சமக்கேடு உடையன என்று பத்திரிகை படித்தோர் பலர் கலங்கினர். அது தவறு. ஒரு பொருள் புற்றை உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே அவ்வகுப்புக் காட்டும். எத்தனை பேர்க்கு உண்டாக்கும் என்பதை அது காட்டாது. பாம்பும் தேளும் இரண்டும் கடிக்கும் என்பது உறுதி. அதனால் இரண்டும் ஒன்றாகிவிடா. அளவும் காலமும் நோக்கியே அஞ்சவேண்டும். டால், பீட்டோ என்னும் இருவர் 1981-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிற்குக் கணக்கிட்டபோது, புற்றுநோய்ச் சாவுகளில் நூற்றுக்கு முப்பது புகையிலையாலும், நான்கு தொழிலிடங்களாலும், இரண்டு காற்று நீர் முதலியவற்றின் மாசாலும் விளைவதாகக் கூறினர். நாட்டுக்கு நாடு இக்கணக்கு மாறுபடும். நான்கும் இரண்டும் சிறுதொகை என்று தள்ளுவாரை நாம் ஒன்று கேட்போம்: அச்சிறுதொகை முழுவதும் நாடெங்கும் பரந்து விழுகின்றதா, அன்றி ஒரே ஆலையைச் சூழ்ந்த சில தெருக்களின்மேல் விழுகின்றதா? நாட்டிற்குச் சிறிதாய்த் தோன்றுவது அத்தெருவிற்குப் பேரிடியன்றோ?

தற்செயலாய் வரும் புற்றும் உண்டு என்று முன்னரே கூறினோம். எக்கேடும் அறியாத, ஒழுக்கம் குன்றாத ஒருவர்க்கு நோய் வருமாயின், காரணம் தேடி அவரை வருத்துதல் வேண்டா. ஆனால் புற்றுநோய்களில் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பதுவரை தடுக்கக்கூடியன என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தடுக்க இயலாத பாதியைக் காட்டி, தடுக்கக்கூடிய பாதியை விட்டுவிடுதல் அறிவுடைமையாகாது. ஆலைகள் நலிந்தால் ஏழைகளின் பிழைப்பு என்னாகும் என்று கேட்பாரும் உளர். புகைபோக்கிச் சட்டத்தை எதிர்த்தோரும் இதனையே கூறினர். சிறுவரின்றிப் புகைபோக்கிகள் துடைக்கப்படமாட்டா, வீடுகள் தீப்பற்றும் என்றனர். நீண்ட கோலில் கட்டிய துடைப்பம் அவ்வேலையைச் செய்தது, லண்டன் எரிந்துபோகவில்லை.

ஆகவே நாம் வேண்டுவது இரண்டு வினாக்கள். முதல் வினா நோயாளியை நோக்கியது: நீ என்ன தொழில் செய்தாய், எங்கு வாழ்ந்தாய், எந்தப் புகையை உட்கொண்டாய்? இதனை இரக்கத்தோடும் பொறுமையோடும் கேட்டு, விடையை எழுதிவைத்தல் மருத்துவர் கடமை. நம் கல்லூரியிலிருந்து மருத்துவம் பயிலச் செல்லும் மாணவர்கள் இதனை மறவாதிருப்பார்களாக. பெயரும் வயதும் எழுதும் தாளில் தொழில் என்னும் கட்டம் வெறுமையாய் விடப்படுமாயின், அங்கே ஒரு பாட் பிறக்காமற் போகின்றார் என்று அவர்கள் கருதவேண்டும்.

இரண்டாம் வினா நோயாளியை நோக்கியதன்று, நம்மை நோக்கியது. அவனை அப்புகையினிடையே வைத்தவர் யார்? கேடென்று தெரிந்தபின்னும் எத்தனை ஆண்டு அவனை அங்கேயே விட்டுவைத்தோம்? இவ்வினாவுக்கு விடைசொல்ல வேண்டியவர் மருத்துவர் மட்டுமல்லர். சட்டம் செய்வோர், ஆலை நடத்துவோர், கடை வைப்போர், வீடு கட்டுவோர், படித்து அறிந்தும் பேசாதிருப்போர் ஆகிய அனைவருமாவர். கூலியாள் தகடு அறுப்பதைக் காணும்போது, நீர் தெளித்து அறுக்கவும் வாயையும் மூக்கையும் நன்கு மூடிக்கொள்ளவும் சொல்லி, அதற்கு வேண்டியதை வாங்கியும் கொடுக்கலாம். புகைசூழ்ந்த அடுக்களையில் இருமும் தாய்க்கு ஒரு புகைபோக்கி அமைத்துத் தரலாம். பள்ளிவாயிலில் பொட்டலம் தொங்குமாயின், ஊரார் கூடி அதனை அகற்றலாம். வாயில் ஆறாத புண்ணை மறைக்கும் உறவினரை, பழிச்சொல் ஒன்றும் கூறாமல், கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். இவை பெருஞ்செயல்களல்ல. ஆயினும், அறிந்ததற்கும் செய்வதற்கும் இடையே நூறாண்டு கிடந்த அவ்விடைவெளி இத்தகைய சிறு செயல்களாலேயே குறுகும். அவ்விடைவெளியில் ஒரு பிள்ளையேனும் விழாது காத்தல், கல்வி பெற்ற நமக்குக் கடவுள் வைத்த பணியாகும்.